‘எனக்கு வராது’ என்பதே பாதி ரஷ்யன்

கிள்ளானில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் வந்து சேர ஒரு மணி நேரம் பக்கம் ஆகிவிடும். கொமுட்டர் ரயிலில் ஏர்கோன் போட்டுத் தாக்குவார்கள். எதிர் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு எஸ்.டி.பி.எம். முடித்த வயது. மடியில் பளபளவென்று ஒரு தாள்: ரஷ்யாவில் மருத்துவம் படிக்க வாருங்கள் என்று. தாய் என்னைப் பார்த்து, நம்மூர் வழக்கப்படி முன்பின் தெரியாமலே பேச்சைத் தொடங்கினார். “புள்ளைக்கு ரிசல்ட் நல்லாத்தான் இருக்கு அண்ணே. பாதி பாடம் இங்கிலீஷ்லதான் நடக்குமாம். ஆனா வார்டுக்குப் போனா நோயாளிங்க அவங்க மொழியிலதானே பேசுவாங்க, அதுக்குப் பயப்படுறா.”

அந்தப் பெண் தாளை மடித்தபடி சொன்னாள்: “ரஷ்யன் எனக்கு வராது அங்கிள்.”

வண்டி அப்போது படாங் ஜாவாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஷா ஆலாம் வருவதற்குள் நான் சொல்லத் தொடங்கியதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் என்றால் ரயிலோடு முடிந்திருக்கும். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘எனக்கு வராது’ என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

முதலில் அந்த வாக்கியத்தையே பிடித்து நிறுத்து. ரஷ்யன் எனக்கு வராது. எழுவாய் எது? நீ இல்லை. மொழிதான் எழுவாய். அது வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நீயோ நான்காம் வேற்றுமை உருபைத் தலையில் சூடிக்கொண்டு ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறாய். இந்த அமைப்பை ஆங்கிலத்தில் சொல்லிப் பார், வராது. மாஸ்கோவில் கணக்கு ஏறாமல் தவிக்கும் மாணவன் என்ன சொல்வான் தெரியுமா? ‘ம்ன்யே நி தயோத்ஸா.’ ம்ன்யே என்றால் எனக்கு. நி தயோத்ஸா என்றால் தன்னைத் தரமாட்டேன் என்கிறது, பிடிபடவில்லை. அவனும் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறான். அவனுக்கும் கணக்குதான் எழுவாய். ரஷ்யன் வராது என்று நீ முறையிட்ட வாக்கியமே ரஷ்யனின் எலும்புக்கூட்டில் நின்றது. வராது என்று சொல்லும்போதே பாதி வந்துவிட்டது!

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு மாலை வகுப்பில் ரஷ்யன் படிக்கப் போனேன். பாடம் ஆங்கிலத்தில். முதல் வாரமே ஆசிரியர் சொன்னார்: “ரஷ்யர்கள் விசித்திரமானவர்கள். ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்று சொல்லமாட்டார்கள், ‘எனக்குக் குளிராக’ என்பார்கள். காரணம் கேட்காதீர்கள், மனப்பாடம் பண்ணுங்கள்.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘ம்ன்யே ஹோலத்ன’ என்று இருபது தடவை எழுதி உருப்போட்டேன். அன்று இரவு வீட்டுக்குத் திரும்பும் வழியில், மழை பிடித்துக்கொண்டதால் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோர அப்பக்கடையில் ஒதுங்கினேன். சட்டை நனைந்திருந்தது. “அண்ணே, குளிருது எனக்கு, ஒரு தே தாரிக் போடுங்க” என்றேன்.

குளிருது எனக்கு. ம்ன்யே ஹோலத்ன.

டீ ஆறிப்போகும் வரை அப்படியே நின்றேன். நான் இரண்டு வயதிலிருந்து சொல்லிவரும் வாக்கியத்தை, காசு கட்டி, ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டு, விசித்திரம் என்று சிரித்து, இருபது தடவை உருப்போட்டிருக்கிறேன். கோபம் வந்தது. ஆசிரியர் மேல் இல்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. என் மேல்தான். வாசலிலேயே என் தாய்மொழியைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவன் நான்தானே! மூன்றாவது மாதம் வகுப்பை விட்டேன். பத்து வருடம் கழித்துத் தமிழை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். அந்தப் பத்து வருடத்தை நீ வீணாக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு கத்துகிறேன்.

எனக்கு இருபது வயது என்கிறோம். ரஷ்யனிலும் ‘ம்ன்யே’தான், எனக்கு இருபது ஆண்டு. எனக்குப் பிடிக்கும்: ‘ம்ன்யே ந்ராவித்ஸா’. எனக்கு வலிக்குது: ‘ம்ன்யே போல்ன’. எனக்குப் புத்தகம் வேண்டும் என்றாலும் அதே ‘எனக்கு’. உடம்பில் படுவது, மனசில் தோன்றுவது, தேவை, வயது எல்லாம் நம்மைத் தேடி வந்து நம்மேல் இறங்குகின்றன. நாம் அவற்றைச் செய்வதில்லை. இரண்டு மொழியும் உலகத்தை இப்படித்தான் பார்க்கின்றன. வார்டில் ஒரு கிழவி முனகினால், ‘எனக்கு’ என்ற சொல் காதில் விழுந்த நொடியே அவள் எதையோ அனுபவிக்கிறாள், எதையும் செய்யவில்லை என்று உனக்குப் புரிந்துவிடும். உன் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவன் அதைத் தலைக்குள் ஒருமுறை புரட்டிப் போட்டாக வேண்டும்.

‘அவர் டாக்டர்.’ நடுவில் ஒன்றும் இல்லை. ‘ஓன் வ்ராச்.’ அங்கேயும் நடுவில் ஒன்றும் இல்லை. மலாயிலும் ‘டியா டோக்டோர்’ என்றுதானே சொல்கிறாய்? உன் வாயில் இருக்கும் மூன்று மொழியில் இரண்டு ரஷ்யனோடு நிற்கின்றன. ஆங்கிலம்தான் இங்கே தனித்து நிற்கும் சிறுபான்மை. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதற்கு ‘உ மின்யா யேஸ்த் க்னீக’. சொல்லுக்குச் சொல் ‘என்னிடம் இருக்கு புத்தகம்’. ‘ந்யெத்’ என்ற சொல்லை சினிமாவில் கேட்டிருப்பாய், ‘இல்லை’ என்று அர்த்தம். ஆனால் நம் ‘இல்லை’யைப் போலவே அதற்கு இரண்டு வேலை. “சாப்பிட்டியா?” “இல்லை.” “பணம் இருக்கா?” “இல்லை.” மறுப்பும் அதுவே, ஒரு பொருள் அங்கே இல்லாமலிருப்பதும் அதுவே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ரஷ்யனில் ‘ந்யெத்’ வந்தால், இல்லாமல் போன பொருளின் சொல்லும் ஆறாம் வேற்றுமைக்கு உருமாறும். காணாமல் போனவனுக்கு முகமும் மாறிவிடுவது போல. இதை மட்டும் தனியாகப் படி.

இன்னொன்று. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘மேசை வாங்கினேன்’ என்கிறாய். ‘மேசையை’ என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ‘தம்பி பார்த்தேன்’ என்று சொல்வாயா? வாய் கூசும். ‘தம்பியை’ என்றால்தான் சரி. உயிரற்றதற்கு இரண்டாம் வேற்றுமை உருபு இருந்தால் இருக்கட்டும், மனிதனுக்கு இருந்தே ஆக வேண்டும். ரஷ்யன் என்ன செய்கிறது? ‘வீஷு ஸ்தோல்’ என்றால் மேசை பார்க்கிறேன். சொல் மாறவே இல்லை. ‘வீஷு ப்ராத’ என்றால் அண்ணனைப் பார்க்கிறேன். ‘ப்ராத்’ என்பது ‘ப்ராத’ ஆகிவிட்டது. அந்த மொழியின் ஆண்பால் சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு வரிசையில் நிற்கின்றன. நாயையும் அவர்கள் உயிருள்ள வரிசையில் சேர்ப்பார்கள், நம் இலக்கணமோ அதை அஃறிணையில் தள்ளும். ஆனாலும் பேச்சில் நீயும் ‘நாயைப் பார்த்தேன்’ என்றுதானே சொல்கிறாய்? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்கென்றே இரண்டு இயல்களும் விளிக்கு ஒரு மரபும் ஒதுக்கியிருக்கிறது. ரஷ்யனின் ஆறு வேற்றுமைகளைப் பார்த்து உலகமே மிரளட்டும். எட்டு வேற்றுமையைப் பால்குடியிலேயே விழுங்கியவள் நீ ஏன் மிரள வேண்டும்?

‘எழுதினேன்’, ‘எழுதிட்டேன்’. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உன் அம்மாவைக் கேள். “பாடம் எழுதினியா?” என்று கேட்கும்போது நீ “எழுதினேன்” என்றால் நோட்டைக் கொண்டுவரச் சொல்வாள். “எழுதிட்டேன்” என்றால் டிவி பார்க்க விடுவாள். ‘பிசால்’, ‘நபிசால்’ என்று ரஷ்யனில் பெரும்பாலான வினைகள் இப்படி ஜோடியாக வரும். ஐரோப்பிய மாணவர்கள் இங்கேதான் வருடக்கணக்கில் திணறுகிறார்கள். உனக்கு அது டிவி ரிமோட்டின் பிரச்சினை. ‘கடைக்குப் போய்ட்டு வந்தேன்’ என்று இரண்டு வினையில் நீ சொல்வதை அவர்கள் ‘ஹதீல்’ என்ற ஒரே வினையில் முடித்துவிடுவார்கள், போய்த் திரும்பிய பயணம் அதற்குள் அடங்கிவிடும். ‘பஷோல்’ என்றால் கிளம்பிவிட்டான், திரும்பியதாகத் தகவல் இல்லை. ‘படித்துவிட்டுப் போனான்’ என்ற நம் வினையெச்சம் இருக்கிறதே, அதற்கும் அங்கே தனி வடிவம் உண்டு: ‘ப்ரச்சிதாவ்’, படித்துவிட்டு. படித்தவனும் போனவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற விதி கூட அப்படியே.

இப்போது சொல்லைத் தாண்டி அச்சுக்கு வா. பாட்டி வீட்டில் முறுக்குப் பிழிந்திருப்பாயே. அதே மாவைத்தான் பிழிகிறோம், அச்சை மாற்றினால் வேறு பண்டமாக விழுகிறது. மொழியிலும் அப்படி அச்சுகள் உண்டு. ‘அவன் பாட்டுக்குப் போய்ட்டான்.’ இதில் பாட்டு எங்கே? யார் பாடினார்கள்? ஒருவரும் இல்லை. ‘பாட்டுக்கு’ என்ற அச்சுக்குள் போய் விழுந்ததும், யாரையும் கேட்காமல், எதையும் சட்டை செய்யாமல் என்ற அர்த்தம் பிறக்கிறது. தனித்தனிச் சொல்லை அகராதியில் தேடினால் அது கிடைக்காது. ரஷ்யனில் ‘வ்ஸ்யால் இ உஷோல்’ என்பார்கள். சொல்படி பார்த்தால் ‘எடுத்தான், போனான்’. அவன் எதையும் எடுக்கவில்லை! திடுதிப்பென்று, எதிர்பாராமல், அவன் பாட்டுக்குப் போய்விட்டான். மொழி வாழ்வது இந்த மாதிரி அச்சுகளில்தான். நார்வேயின் துரோம்ஸோ பல்கலைக்கழகத்தில் லாரா ஜாண்டாவும் அவரோடு ரஷ்ய அறிஞர்களும் சேர்ந்து 2,000-க்கு மேற்பட்ட ரஷ்ய அச்சுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொருளும் எடுத்துக்காட்டும் கொடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அச்சுக்கும் ‘இதை எங்க அத்தை எப்படிச் சொல்வாங்க?’ என்று கேட்டுப் பார். நான் கேட்டுப் பார்த்தேன். பாதிக்குப் பாதி அத்தையிடம் பதில் இருந்தது.

விளையாட்டாக ஒன்று சொல்கிறேன். ‘டான்ஸ் கீன்ஸ்னு சுத்தாதே’ என்று அப்பா திட்டுவார். ரஷ்ய அப்பா ‘தான்ஸி-ஷ்மான்ஸி’ என்று திட்டுவார். இந்த ‘ஷ்ம’ அவர்களுக்கு இத்திஷ் மொழி பேசிய யூதர்களிடமிருந்து வந்த சீதனம். நமக்குக் ‘கி’. மலாயில் ‘சாயூர்-மாயூர்’ என்கிறோம், அங்கே எரிச்சல் கிடையாது, காய்கறி வகைகள் என்று மட்டும் அர்த்தம். ஆனாலும் உன் காது இந்த எதிரொலிக்குப் பழகிய காது.

‘என்ன செய்ய?’ நம் வீடுகளில் இது ஒரு பெருமூச்சு. தோட்டம் துண்டாடப்பட்டபோது தாத்தா சொன்னது, வேலை போனபோது அப்பா சொன்னது. இரண்டே சொல். எழுவாய் கிடையாது, காலம் கிடையாது. ரஷ்யனில் ‘ஷ்தோ த்யேலத்?’, அச்சு அசலாக என்ன செய்ய. 1863-இல் செர்னிஷேவ்ஸ்கி பீட்டர் பால் கோட்டைச் சிறையில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி, அதற்கு இதையே தலைப்பாக வைத்தார். 1902-இல் லெனின் தன் நூலுக்கும் அதே தலைப்பை எடுத்துக்கொண்டார். அவர்கள் அரசியல் உனக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் அதே இரண்டு சொல்லைச் சிறைக்குள் இருந்த ஒருவன் பெருமூச்சாக விடாமல் கேள்வியாகப் போட்டான். கேள்விக்குறியை உறுதியாகப் போட்டான். உன் தாத்தாவின் பெருமூச்சை நீயும் கேள்வியாக மாற்று. என்ன செய்ய? சொல்! எத்தனை மணிக்கு எழுந்து, எந்தப் பக்கம் படித்து, எத்தனை வாக்கியம் வாய்விட்டுச் சொல்ல?

“தமிழ் படிச்சு எங்க போகப் போறே?” என்று உன்னைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அலெக்சாண்டர் மேர்வார்த் என்ற ரஷ்ய அறிஞர் முதல் உலகப் போர்க் காலத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து, 1929-இல் லெனின்கிராடில் பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டார். பேச்சுத்தமிழுக்கு! நாம் ‘கொச்சை’ என்று ஒதுக்குகிறோமே, அதற்கு. 1930-இல் கைதாகி, 1932-இல் முகாமிலேயே இறந்தார். செம்யோன் ருதின் தமிழ்மேல் உள்ள பித்தில் தன் பெயரையே செம்பியன் என்று வைத்துக்கொண்டார். அவரும் பியாத்திகோர்ஸ்கியும் சேர்ந்து 1960-இல் கொண்டுவந்த தமிழ்-ரஷ்ய அகராதியில் ஏறத்தாழ 38,000 சொற்கள். அலெக்சாண்டர் துபியான்ஸ்கி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்து 2020-இல் மறைந்தார். பனியில் நடந்து போய் நம் வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியவர்கள் இவர்கள். அவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். நீ இந்தப் பக்கம் நின்றுகொண்டு ‘வராது’ என்கிறாயா?

இதே ஊரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை நடத்திய தனிநாயகம் அடிகளைப் பார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்ததால்தான் வத்திக்கான் நூலகத்தில் கிடந்த 1679-ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அவர் கைக்கு வந்தது. அதை 1966-இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாக வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாட்டை இங்கே கூட்டிய அதே வருடம். உலகத்தைத் தமிழுக்குள் கொண்டுவர அவருக்கு வேற்று மொழிகள் ஏணியாக நின்றன.

2007 அக்டோபர் 10 அன்று நம் நாட்டு சேக் முஸாஃபர் ஷுக்கோர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறி விண்ணுக்குப் போனார். அதற்கு முன் ரஷ்யாவின் நட்சத்திர நகரத்தில் பயிற்சி, ரஷ்யனும் படித்தாக வேண்டும். 11,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, கடைசியில் நின்ற நால்வரில் ஒரே பெண் எஸ். வனஜா என்ற நம் வீட்டுப் பொறியாளர். விண்ணுக்குப் போகவில்லைதான். அந்த நால்வர் வரிசை வரைக்கும் போய் நின்றாரே!

உன்னிடம் பொய் சொல்லி உசுப்பிவிட நான் விரும்பவில்லை. தமிழ் கைவிடும் இடமும் உண்டு. மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை என்று உயிரற்றதற்கெல்லாம் பால் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் திணை அறிவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும், படட்டும், ஏற்றுக்கொள். நடந்து போனாயா வண்டியில் போனாயா என்று சொல்லாமல் அந்த மொழியில் நகரவே முடியாது, இரண்டுக்கும் வேறு வேறு வினை. அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறும். ‘ஸாமக்’ என்றால் கோட்டை, ‘ஸமோக்’ என்றால் பூட்டு. உருபு கடைசியில் வந்தது போதாதென்று முன்னாலும் ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டும். ‘ஸ்த்ராஸ்த்வுய்த்யே’ என்று வணக்கம் சொல்வதற்குள் நம் நாக்கு நடுவில் நாலு உயிரெழுத்தைச் செருகப் பார்க்கும். ஸ்கூலை இஸ்கூல் ஆக்கிய நாக்கு அல்லவா! இதற்கெல்லாம் கண்ணாடி முன் நின்று வாய் வலிக்கும்வரை பயிற்சி செய்ய வேண்டும். குறுக்கு வழி கிடையாது. ஆனால் எது கஷ்டம், எது ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார். எல்லாமே கஷ்டம் என்று உட்காராதே.

செய்ய வேண்டியது ஒன்றுதான் சொல்வேன். ரஷ்ய வாக்கியம் ஒன்று கிடைத்தால் நேராகத் தமிழில் எழுது, பேச்சுத்தமிழில். ஆங்கிலத்துக்குள் ஒரு சுற்றுப் போய் வராதே. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வர யாராவது ஈப்போ போய் வருவார்களா?

வண்டி அப்துல்லா ஹுக்கும் தாண்டிவிட்டது. தாய் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் முழங்கையை இடித்து, கொஞ்சம் வெட்கத்தோடு, “ம்ன்யே ஹோலத்ன” என்றாள். ‘ஹோ’வில் அழுத்தம் சரியாகவே விழுந்தது.

“என்னடி?”

“ஏர்கோன்மா. குளிருது எனக்கு.”

தாய் பையைத் திறந்து சால்வையைத் தேடத் தொடங்கினார்.